டாஸ்க் மேனேஜரில் இத்தனை ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ ஓடுகிறதே, எதை நிறுத்தலாம்?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப் காலையில் ஆன் செய்ததும் அரை மணி நேரத்துக்கு எதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. பத்தாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது மெஷின் இப்படி உட்கார்ந்துவிட்டால் நான் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. சிபியு 20ஐத் தாண்டுவதே அபூர்வம். பிராசசஸ் பக்கத்தில் கீழே இறங்கிப் பார்த்தால் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்று தொடங்கும் வரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போனால் இன்னும் மோசம், எஸ்விசிஹோஸ்ட் டாட் இஎக்ஸ்இ என்ற ஒரே பெயர் எழுபதுக்கும் மேல். பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன், “இவ்வளவு ஓடினா வைரஸ்தான், ஃபார்மட் பண்ணிடலாம்” என்றார்கள். யூடியூபில் ஒருவர் நீளமாக ஒரு லிஸ்ட் போட்டு இதையெல்லாம் டிசேபிள் செய்யுங்கள், ராக்கெட் மாதிரி ஓடும் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

இவை என்ன, ஒரே பெயரில் ஏன் இத்தனை, எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று யாராவது புரியும்படி சொல்ல முடியுமா? அப்புறம் இன்னொன்று, டீடெய்ல்ஸில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ என்று ஒன்று 80 சதவீதம் சிபியுவை எடுக்கிறது. எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் போக மாட்டேன் என்கிறது.

சர்வர்ரூம்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சிஸ்டம் ஐடில் பிராசஸ் உண்மையில் ஒரு புரோகிராமே இல்லை. சிபியு சும்மா இருக்கும் நேரத்தை அந்தப் பெயரில் கணக்கு வைக்கிறார்கள், அதன் பிஐடி (ஒவ்வொரு பிராசஸுக்கும் விண்டோஸ் தரும் எண்) 0. அது 80 என்று காட்டினால் சிபியுவில் 80 சதவீதம் காலியாகக் கிடக்கிறது என்று பொருள். ஆக உங்கள் பிரச்சினை சிபியுவில் இல்லை, அந்த வரியே அதைச் சொல்லிவிட்டது.

இப்போது சர்வீஸ் ஹோஸ்ட். நெட்வொர்க் முகவரி வாங்குவது, சவுண்டு, பிரிண்ட், அப்டேட், ஃபயர்வால் என்று விண்டோஸின் பின்னணி வேலைகள் எல்லாம் சர்வீஸ்கள். இவற்றில் நிறைய தனி இஎக்ஸ்இயாக இருக்காது, டிஎல்எல் ஃபைலாக இருக்கும். டிஎல்எல் தன்னால் ஓடாது, அதை ஏற்றி ஓட்ட ஒரு புரோகிராம் வேண்டும், அந்தப் புரோகிராம்தான் எஸ்விசிஹோஸ்ட். அதனால்தான் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்று, உள்ளே இருப்பது ஒவ்வொன்றிலும் வேறு.

இது விண்டோஸ் 2000இல் இருந்து இருக்கும் ஏற்பாடு. அன்றைக்கு ராம் 64 எம்பி, 128 எம்பி என்று இருந்தது, ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி பிராசஸ் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே பல சர்வீஸ்களை ஒரே எஸ்விசிஹோஸ்ட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். அதனால் வந்த தொல்லை, உள்ளே ஒன்று விழுந்தால் கூட இருப்பவையும் சேர்ந்து விழும், ஒன்று சிபியுவைத் தின்றால் எது தின்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 2013 கடைசியில் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு எஸ்விசிஹோஸ்ட் சிபியு முழுவதையும் பிடித்துக்கொண்டு விடவே விடாது. உள்ளே இருந்தது விண்டோஸ் அப்டேட். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மாதாமாதம் வந்த அப்டேட் ஒவ்வொன்றும் முந்தையதை மாற்றுவது, அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போய் அதைச் சரிபார்க்கும் வேலை பல மடங்கு பெருகிவிட்டது. 2014 ஜனவரியில் மைக்ரோசாப்ட் பழைய அப்டேட்களைக் கழித்துவிட்ட பிறகுதான் அடங்கியது. அப்போது அதை வைரஸ் என்று நினைத்து எத்தனை பேர் ஃபார்மட் செய்தார்களோ!

2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் இதை மாற்றினார்கள். ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்கு ஆளுக்கொரு எஸ்விசிஹோஸ்ட். சிலது மட்டும் இன்னும் சேர்ந்தே இருக்கும், ஃபயர்வாலும் அதற்கு அடித்தளமான பேஸ் ஃபில்டரிங் எஞ்சினும் ஒரே பிராசஸில்தான் ஓடும். உங்களிடம் 8 ஜிபி இருப்பதால் எழுபது வரி தெரிகிறது. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை, அது ராம் தாராளமாக இருப்பதன் விளைவு. சொல்லப்போனால் இந்த மாற்றம் நமக்கு நல்லது, எது தொல்லை தருகிறது என்று இப்போது பெயர் சொல்லியே பிடிக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க: பிராசசஸ் பக்கத்தில் அந்த வரியின் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் சர்வீஸின் பெயர் விரியும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் என்றால் ரைட் கிளிக், ‘கோ டு சர்வீசஸ்’. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் டாஸ்க்லிஸ்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு எஸ்விசி என்று அடியுங்கள். ஒவ்வொரு பிஐடிக்கும் நேராக உள்ளே ஓடும் சர்வீஸ் வந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு அவசரமாக வேண்டியது அது இல்லை, ரிசோர்ஸ் மானிட்டர். ஸ்டார்ட்டில் ரெஸ்மான் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும். அதில் டிஸ்க் பக்கத்தில் ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’யைத் திறந்து டோட்டல் என்ற தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். எந்த பிராசஸ் எந்த ஃபைலைப் படிக்கிறது, எழுதுகிறது என்று முழுப் பாதையோடு காட்டும். ஓரத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லிசெகண்டில் ஒரு எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை மெஷின் திணறும்போதே இதைப் பார்த்து மேலே இருக்கும் நாலைந்து வரிகளை இங்கே போடுங்கள். அதுவரை எதையும் டிசேபிள் செய்ய வேண்டாம்.

பூட்டுச்சாவி:

சர்வர்ரூம் சொன்னதோடு வைரஸ் விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்வது மால்வேர் எழுதுபவர்களின் பழைய வழக்கம். வி, சி இரண்டையும் இடம் மாற்றி வைப்பார்கள், ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள், சில சமயம் பெயரை அப்படியே வைத்து வேறு ஃபோல்டரில் போடுவார்கள். எண்ணிக்கையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இடத்தையும் தாய் பிராசஸையும் வைத்துத்தான் முடியும்.

இடம்: டீடெய்ல்ஸ் பக்கத்தில் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 திறந்தால் சரி (அபூர்வமாக சிஸ்வாவ்64 ஆகவும் இருக்கலாம்). டெம்ப், ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ் என்று எங்காவது திறந்தால் அது போலி, சந்தேகமே வேண்டாம்.

தாய்: உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டை சர்வீசஸ் டாட் இஎக்ஸ்இதான் பெற்றெடுக்கும், அந்த சர்வீசஸை வின்இனிட் பெற்றெடுக்கும். டாஸ்க் மேனேஜரில் இந்த வம்சாவளி தெரியாது. மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிராசஸ் எக்ஸ்புளோரரில் மரம் மாதிரி தெரியும். மார்க் ருசினோவிச் எழுதிய கருவி, அவருடைய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2006இல் வாங்கியது. அதிலேயே டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கவும் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் கேட்டுப் பார்க்கவும் வசதி உண்டு.

தாயைப் பார்ப்பது எவ்வளவு வலுவான சோதனை என்பதற்கு ஸ்டக்ஸ்நெட்டே போதும். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த, ஈரானின் அணு எரிபொருள் மையத்தைக் குறி வைத்த அந்த வார்ம் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். அது தொற்றிய ஒரு எக்ஸ்பி மெஷினை ருசினோவிச் இதே கருவியால் பிரித்துக் காட்டினார். லாகினைச் சரிபார்க்கும் எல்சாஸ் என்ற பிராசஸ் ஒரு மெஷினில் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் மூன்று இருந்தன. எக்ஸ்பியில் அசல் எல்சாஸின் தாய் வின்லாகான். கூடுதலாக இருந்த இரண்டுக்கும் தாய் சர்வீசஸ். அத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட மால்வேர், ஆனால் பிராசஸ் மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் உறுத்துகிறது. உங்கள் மெஷினிலும் எல்சாஸ் எத்தனை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதை எண்ட் டாஸ்க் கொடுக்கக்கூடாது என்று கேட்டீர்கள். விண்டோஸின் அடிப்படை பிராசஸ்களான சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்இனிட், எஸ்எம்எஸ்எஸ், எல்சாஸ். இவற்றில் கை வைத்தால் நீலத்திரை வரலாம், அல்லது மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகும், சேமிக்காத வேலை அத்தனையும் போகும். எச்சரிக்கைப் பெட்டி வந்தால் அதை மதித்து கேன்சல் கொடுங்கள்.

பனையோலை:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை நண்பரே. ஹார்டு டிஸ்க் மெஷின் என்றால் சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச் என்ற இரண்டு சர்வீஸ்களையும் டிசேபிள் செய்யுங்கள், டிஸ்க் 100 அடங்கும். என் அலுவலகத்தில் எல்லா மெஷினிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சர்வர்ரூம்:

பனையோலை, உங்கள் இடத்தில் அது பலன் தந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சிஸ்மெயின் என்பது பழைய சூப்பர்ஃபெட்ச், நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் சர்வீஸ். ஹார்டு டிஸ்க்கின் மெதுவை மறைக்கத்தான் அது விஸ்டாவில் வந்தது. நிறுத்தினால் காலையில் டிஸ்க் சற்று அடங்கும், பிறகு எக்செல் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்கான விலையைக் கொடுக்க நேரலாம். விண்டோஸ் சர்ச் சர்வீஸை நிறுத்தினால் பில் நம்பரைப் போட்டு ஃபைல் தேடுபவர்களுக்குக் கஷ்டம், கணக்கு எழுதுபவர் அதைத்தான் நாள் முழுக்கச் செய்வார். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் டிசேபிள் செய்யாமல் சர்வீசஸ் ஜன்னலில் ஸ்டாப் மட்டும் கொடுத்துப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் ஒரு ரீஸ்டார்ட்டில் பழையபடி வந்துவிடும்.

யூடியூப் லிஸ்ட்களில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு சர்வீஸை இன்னொன்று நம்பி இருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. சர்வீசஸ் ஜன்னலில் எந்த சர்வீஸையும் இரட்டைக் கிளிக் செய்து டிபென்டென்சீஸ் பக்கத்தைப் பாருங்கள், மேலே இது யாரை நம்பி இருக்கிறது, கீழே இதை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று வரும். பேஸ் ஃபில்டரிங் எஞ்சினை நிறுத்தினால் ஃபயர்வாலும் கூடவே போகும். நெட்வொர்க் முகவரி வாங்கும் டிஹெச்சிபி கிளையன்ட்டை நிறுத்தினால் வைஃபை இணைந்திருக்கும், இன்டர்நெட் வராது, லிஸ்ட்டைப் பார்த்து நிறுத்தியவர் ரவுட்டரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை திணறும்போதே ரிசோர்ஸ் மானிட்டரில் பார்த்துக் குறித்து வைத்தேன்.

மேலே இருந்தது எம்எஸ்எம்பிஎன்ஜி, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் என் கணக்கு பேக்கப் ஜிப் ஃபைல்களைப் படித்துக்கொண்டிருந்தது. அதே ஜிப்பை ஒன்டிரைவும் படிக்கிறது. கணக்கு சாஃப்ட்வேர் அதே ஃபோல்டரில் புதிதாக ஒரு ஜிப் எழுதிக்கொண்டிருந்தது, லாகின் ஆனதும் பேக்கப் எடுக்கும்படி நான்தான் வைத்திருக்கிறேன். நடுநடுவே சர்ச் இண்டெக்சர் வந்து போகிறது. அடுத்து டிஐவொர்க்கர் என்று ஒன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் ஏராளமாக எழுதுகிறது. ரெஸ்பான்ஸ் டைம் 400இல் இருந்து 900 மில்லிசெகண்ட் வரை.

எஸ்விசிஹோஸ்ட் எல்லாவற்றுக்கும் இடம் சிஸ்டம்32தான், பிராசஸ் எக்ஸ்புளோரரில் தாய் சர்வீசஸ்தான், எல்சாஸ் ஒன்றுதான். மனசுக்கு நிம்மதி.

ஒன்று புரியவில்லை. நான் தினமும் இரவு ஷட்டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘அப் டைம்’ பல நாள் என்று காட்டுகிறது. வேலை முடிந்த கையோடு மூடிவிடுவேன், கரண்ட்டை வீணாக்க மாட்டேன். சார்ஜரையும் பிடுங்கி வைத்துவிடுவேன்.

சர்வர்ரூம்:

அருமையாகக் குறித்திருக்கிறீர்கள், இப்போது கதை முழுக்கத் தெரிகிறது.

பாருங்கள், நீங்கள் பயந்த எஸ்விசிஹோஸ்ட் இந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. நடப்பது இதுதான்: லாகின் ஆனதும் உங்கள் சாஃப்ட்வேர் ஒரு பெரிய ஜிப்பை எழுதுகிறது. புதிய ஃபைல் வந்தால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிரித்துப் பார்க்கும், எம்எஸ்எம்பிஎன்ஜி என்பது அதுதான். டாக்குமெண்ட்ஸில் இருப்பதால் ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றப் படிக்கிறது, இண்டெக்சரும் எட்டிப் பார்க்கிறது. லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்ட் ஆகும். அதன் ஹெட் சிதறிக் கிடக்கும் இடங்களுக்கு ஓடி ஓடிப் படிக்க வேண்டுமென்றால் நொடிக்கு நூறு தடவை தாண்டுவதே கஷ்டம். நாலு பேர் நாலு திசையில் இழுக்கும்போது வரிசை நீண்டுபோகிறது, நீங்கள் குறித்த 900 மில்லிசெகண்ட் பெரும்பாலும் அந்த வரிசையில் காத்திருக்கும் நேரம்தான்.

டிஐவொர்க்கர் என்பது அப்டேட்டை உண்மையில் நிறுவும் ஆள். இதைப் பாதியில் கொல்லக்கூடாது, கொன்றால் அப்டேட் அரைகுறையாக நின்று மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். இது ஏன் உங்கள் வேலை நேரத்தில் வருகிறது என்றால், விண்டோஸின் பராமரிப்பு வேலைகளுக்கு வைத்திருக்கும் வழக்கமான நேரம் இரவு 2 மணி. அந்த நேரம் தவறினால் மெஷின் சார்ஜரில் இருந்து, யாரும் தொடாமல் சும்மா இருக்கும் நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளும். நீங்கள் அந்த நேரத்தைக் கொடுப்பதே இல்லை. வேலை முடிந்த கையோடு மூடிவிடுகிறீர்கள், சார்ஜரும் இல்லை. தள்ளிப்போன வேலை எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

அப் டைம் விஷயம்: விண்டோஸ் 8இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். அதனால் கெர்னலைப் பொறுத்தவரை உங்கள் மெஷின் பல நாளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாக எழும்.

என்ன செய்யலாம் என்றால், பேக்கப்பை லாகினில் இருந்து மாற்றி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வையுங்கள். அந்த ஃபோல்டரை டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே கொண்டுபோய், நாளுக்கு ஒரு ஜிப்பை மட்டும் ஒன்டிரைவில் போடுங்கள். டிஃபெண்டரில் ஜிப்புக்கு விலக்கு கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள், வேண்டாம், கடைக்காரர்கள் உங்களுக்கு மெயிலில் அனுப்புவதும் ஜிப்தான். வாரத்தில் ஒரு இரவு சார்ஜரில் போட்டு, தூங்கப் போகாதபடி செட்டிங்கை வைத்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு லேப்டாப்பை மூடாமல் விடுங்கள்.

அப்புறம் மைக்ரோசாப்ட் அல்லாத சர்வீஸ்களையும் ஒரு கண் பாருங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாப்ட் சர்வீசஸ்’ டிக் செய்தால் வெளியாட்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

வைகைக்கரை:

சார், பார்த்தேன். பிரிண்டர் கம்பெனியின் அப்டேட்டர் ஒன்று, எப்போதோ போட்ட வீடியோ சாஃப்ட்வேரின் சர்வீஸ் ஒன்று, டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனுக்கானது ஒன்று. வீடியோ சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டாலே செய்துவிட்டேன். பிரிண்டர் அப்டேட்டரின் டிக்கை எடுத்துவிட்டேன், பிரிண்ட் வருகிறது. டோக்கனில் கை வைக்கலாமா?

பேக்கப்பை மதியத்துக்கு மாற்றியதும் காலை நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது. இரவு ஓடவிட்டதில் தங்கிக் கிடந்த அப்டேட்டும் முடிந்தது. ஆனால் மதியம் பேக்கப் ஓடும்போது இன்னும் தள்ளாடத்தான் செய்கிறது. எஸ்எஸ்டி போட்டால் ஃபார்மட் செய்ய வேண்டியிருக்குமா?

பூட்டுச்சாவி:

டோக்கன் சர்வீஸைத் தொடாதீர்கள். போர்ட்டலில் கையெழுத்துப் போடும்போது பிரவுசர் பேசுவது அந்த மாதிரி பின்னணி சர்வீஸோடுதான், நிறுத்தினால் சரியாக 20ஆம் தேதி பார்த்துக் கையெழுத்து விழாது.

எஸ்எஸ்டிக்கு ஃபார்மட் தேவையில்லை, குளோன் செய்தால் போதும், எல்லாம் அப்படியே வரும். வாங்கும் முன் உங்கள் மாடலில் எம் டாட் 2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் சிறிய இடம்) இருக்கிறதா, அது எந்த வகை இணைப்பு, என்விஎம்இயா சாட்டாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாட் இல்லையென்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். குளோன் செய்வதற்கு முன் ஒரு முக்கியமான வேலை: செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனாக இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஹோமில்கூட அது தானாகவே ஆனாகி இருக்கலாம். ஆனாக இருந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் ரெக்கவரி கீ 48 இலக்கத்தில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, டிக்ரிப்ட் முடியும் வரை காத்திருந்து, பிறகு குளோனைத் தொடங்குங்கள். ரிட்டர்ன் தேதிக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.